பசியில் தொடங்கும் பேச்சு

வடலூரில் கூப்பிடு தூரத்தில் இரண்டு கட்டடங்கள் இருக்கின்றன. ஒன்று சத்திய தருமச்சாலை. 1867 மே 23 அன்று வள்ளலார் எனப்படும் இராமலிங்க அடிகள் தொடங்கிய அன்னசாலை அது. அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. பந்தியில் உட்காருபவரிடம் யாரும் சாதி கேட்பதில்லை, மதம் கேட்பதில்லை, நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டாய் என்றும் கேட்பதில்லை. மற்றொன்று, 1872 ஜனவரி 25 அன்று வழிபாடு தொடங்கிய எண்கோண வடிவச் சத்திய ஞானசபை. அங்கே ஓர் அறிவிப்பு உண்டு: கொலையையும் புலாலையும் விட்டவர்கள் மட்டுமே உள்ளே வரலாம்.

சோற்றுக்கு நிபந்தனை இல்லை, சபைக்கு உண்டு. இரண்டு விதிகளையும் வகுத்தவர் ஒருவரே. கல்லூரி மேடைகளில் புலால் மறுப்பைப் பற்றிப் பேச வருகிறவர்களில் பலர் இரண்டாவது விதியை மட்டும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். முதல் விதியை மறந்துவிடுகிறார்கள். பேச்சு எடுபடாமல் போவதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

அக்டோபர் முதல் வாரம் இந்தச் சொற்பொழிவுகளின் பருவம். 1ஆம் தேதி உலகச் சைவ உணவு நாள். 2ஆம் தேதி காந்தி ஜயந்தி. 4ஆம் தேதி உலக விலங்குகள் நாள். 5ஆம் தேதி வள்ளலார் பிறந்தநாள். அதைத் தனிப்பெருங்கருணை நாள் என்று தமிழக அரசு 2021இல் அறிவித்தது. இந்த ஐந்து நாளுக்குள் ஏதாவது ஒன்றைச் சாக்கிட்டு ஒரு சிறப்பு விருந்தினரை அழைத்துவிடலாம். தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, முக்கால் மணி நேர உரை, நினைவுப் பரிசு, நன்றியுரை. கேள்வி நேரம் என்று நிகழ்ச்சி நிரலில் அச்சாகியிருக்கும். ஆனால் நன்றியுரைக்காரர் ஏற்கெனவே மைக் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பார். பிறகு மணி அடிக்கும். மாணவர்கள் கேன்டீனுக்குப் போய் சிக்கன் பிரியாணி கேட்பார்கள்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகம் 2014இல் நடத்திய மாதிரிப் பதிவு அடிப்படைக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 97.65 சதவீதம் பேர் அசைவம் சாப்பிடுகிறவர்கள். நூறு பேர் உட்கார்ந்திருக்கும் ஹாலில் பேச்சாளரோடு ஏற்கெனவே உடன்படுகிறவர் இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர். இந்தியா என்றாலே மரக்கறி நாடு என்று வெளிநாட்டார் எண்ணுவது தமிழ்நாட்டுக்குப் பொருந்தவே பொருந்தாது.

வடலூரைச் சுற்றியுள்ள கல்லூரிகளில் இந்தக் கூட்டம் இன்னும் கலவையானது. சுமார் 10 கிலோமீட்டரில் நெய்வேலி டவுன்ஷிப். 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் அமைந்ததிலிருந்து பல மாநிலத்துக் குடும்பங்கள் குடியேறிய இடம் அது. கிழக்கே கடலூர்க் கரையின் மீனவக் குப்பங்கள். வடக்கே பண்ருட்டியின் முந்திரியும் பலாவும். தெற்கே சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். வலை வீசிப் படிக்க வைக்கும் அப்பாவின் மகள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது, மீன் தின்பது பாவம் என்று மேடையிலிருந்து ஒருவர் சொன்னால் அது உணவைப் பற்றிய பேச்சாக அவள் காதில் விழாது. தன் அப்பாவைப் பற்றிய பேச்சாகத்தான் விழும்.

இராமலிங்கர் அடிப்படையில் ஒரு சொற்பொழிவாளர். மருதூரில் 1823இல் பிறந்து சென்னையில் வளர்ந்தவர். அண்ணன் சபாபதி புராணச் சொற்பொழிவு செய்து குடும்பத்தைக் காப்பாற்றினார். அவருக்கு உடம்புக்கு முடியாத ஒரு நாளில் சிறுவன் இராமலிங்கம் சோமு செட்டியார் வீட்டுக்குப் போய்ப் பெரியபுராணம் சொல்லிக் கூட்டத்தை அசத்திய கதை பிரபலம். பின்னாளில் சென்னையில் பொதுமக்களுக்குத் திருக்குறள் வகுப்பும் நடத்தினார். 1854இல் அவர் வெளியிட்ட உரைநடை நூல் ‘மனுமுறை கண்ட வாசகம்’. தேர்க்காலில் சிக்கி இறந்த கன்றுக்காகத் தன் மகனையே பலி கொடுக்கத் துணிந்த சோழனின் கதை. பசுவின் முறையீட்டை ஓர் அரசன் வழக்காக எடுத்துக்கொண்ட கதையைத் தமிழ்நாடு பல நூற்றாண்டுகளாகச் சொல்லி வருகிறது. விலங்குரிமை என்பது மேற்கிலிருந்து இறக்குமதியான சரக்கு என்று நினைக்கிற மாணவரிடம் பேச்சைத் தொடங்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

அவருடைய மாணவர் ஒருவர் அந்தப் பேச்சைக் கல்லூரி வளாகத்துக்குள்ளேயே கொண்டுபோனார். தொழுவூர் வேலாயுத முதலியார், 1867இல் திருவருட்பாவின் முதல் நான்கு திருமுறைகளைப் பதிப்பித்தவர், சென்னை மாநிலக் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதராக வேலை பார்த்தார். 1882இல் பிரம்மஞான சபையாருக்கு அவர் தம் ஆசிரியரைப் பற்றி ஒரு வாக்குமூலம் கொடுத்தார். இறைச்சியை விடவே மாட்டேன் என்றிருந்தவர்களைக்கூட அடிகளின் சில வார்த்தைகள் மாற்றிவிட்டன என்று அதில் சொல்கிறார். சீடர் சொல்வது, கொஞ்சம் கழித்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் அந்தச் சில வார்த்தைகள் எப்படிப்பட்டவை என்பதை ‘ஜீவகாருண்ய ஒழுக்கம்’ என்ற உரைநடை நூலில் நாமே பார்க்கலாம்.

அந்த நூலை முதன்முதலில் எடுப்பவர்கள் புலாலைத் திட்டும் பக்கங்களை எதிர்பார்ப்பார்கள். ஆனால் நூலை நிறைத்திருப்பது பசி. பசி வந்தால் உடம்பில் என்னென்ன நேர்கிறது, அறிவு எப்படி மங்குகிறது, கண்ணும் காதும் எப்படி அடைக்கின்றன, முகம் எப்படி வாடுகிறது என்று ஒரு மருத்துவர் நோய்க்குறி எழுதுவதுபோல அடுக்கிக்கொண்டே போகிறார். சோறு கிடைத்ததும் அவை ஒவ்வொன்றும் எப்படித் திரும்பி வருகின்றன என்பதையும் அதே பொறுமையோடு எழுதுகிறார். 1866இல் ஒடிசாவிலிருந்து சென்னை மாகாணம் வரை கீழைக் கடற்கரையைப் பஞ்சம் உலுக்கியது. மறு ஆண்டு வடலூரில் அடுப்பு எரியத் தொடங்கியது. பார்வதிபுரம் ஊரார் எழுதிக்கொடுத்த சுமார் 80 காணி நிலத்தில் எழுந்த அமைப்பு இது. அவர் எழுதியதும் செய்ததும் ஒன்றாகவே இருந்தன.

உயிர்களுக்கு வரும் துன்பங்களைப் பசி, கொலை, தாகம், பிணி, இச்சை, எளிமை, பயம் என்று அவர் பிரிக்கிறார். அதில் பசியையும் கொலையையும் மட்டும் ஒரே தட்டில் வைத்து, இவற்றை நீக்குவதே மேலான கருணை என்கிறார். மற்றவை அடுத்த படி. இந்த வகைப்பாட்டில்தான் அவருடைய வாதத்தின் முழு பலமும் இருக்கிறது. ஆட்டின் கழுத்துக்குப் பரிந்து பேசுகிறவன் அடுத்த வீட்டுக்காரனின் வயிற்றைப் பார்க்காமல் இருக்க முடியாது. பசியாற்றுகிறேன் என்று சொல்லி ஓர் உயிரைக் கொன்று இன்னோர் உயிருக்குப் போடவும் முடியாது. இரண்டையும் சேர்த்தே பேச வேண்டும்.

நூலின் நடையும் கவனிக்கத்தக்கது. எதிராளி கேட்கக்கூடிய கேள்வியைத் தானே கேட்டுத் தானே பதில் சொல்லிக்கொண்டு போகிறார். மரம் செடிகளுக்கும் உயிர் இருக்கிறதே, அவற்றைத் தின்னலாமா? இன்றைக்கும் எந்தக் கல்லூரியில் இந்தப் பேச்சு நடந்தாலும் பின்வரிசையிலிருந்து முதலில் வரும் கேள்வி இது. நூற்றைம்பது ஆண்டுக்கு முன்பே அவர் பதில் எழுதிவைத்திருக்கிறார்: தாவரத்தில் உயிர் விளக்கம் ஒரு புலன் அளவில்தான் இருக்கிறது; விதை, காய், கனி, இலை முதலியவற்றை எடுப்பது நகமும் மயிரும் களைவதை ஒத்தது; அதில் வலியோ உயிர்க்கொலையோ இல்லை. நரம்பு மண்டலம் என்ற சொல்லைப் பயன்படுத்தாமல் ஏறக்குறைய அந்த இடத்தைத்தான் தொடுகிறார். புலியும் சிங்கமும் என்ன செய்யும் என்ற கேள்விக்கு அவர் சொல்லும் பதிலை இன்றைய விலங்கியல் மாணவர் ஏற்கமாட்டார். மாமிசம் எந்த உயிருக்குமே விதிக்கப்பட்ட உணவு ஆகாது என்பது அவர் நிலை. பூனைக் குடும்பத்தின் உடலமைப்பு அதற்கு இணங்கவில்லை. அதனால் என்ன? கேள்வியை ஒதுக்காமல் எதிர்கொண்டாரே, அதைத்தான் நம் பேச்சாளர்கள் கற்றுக்கொள்ள வேண்டும்.

தமிழில் இந்த விவாதம் எப்போதும் எதிர்க்கேள்வியோடுதான் நடந்திருக்கிறது. வள்ளுவர் புலால் மறுத்தலுக்கு ஓர் அதிகாரமும் கொல்லாமைக்கு ஓர் அதிகாரமும் தனித்தனியாக ஒதுக்கினார். கொல்பவன் வேறு, வாங்கித் தின்பவன் வேறு என்ற சால்ஜாப்பை அவரே எடுத்து உடைக்கிறார். மணிமேகலையில் ஆபுத்திரன் வேள்விக்குக் கட்டியிருந்த பசுவை இரவில் அவிழ்த்துக்கொண்டு போய் அடி வாங்குகிறான். பிற்பாடு அமுதசுரபி கிடைப்பதும் அவன் கைக்குத்தான். பசுவை விடுவித்தவனே பசித்தவர்க்குச் சோறிடுபவனாகவும் ஆகிறான். மணிமேகலையைப் பாடிய சாத்தனார் இதைத் தெரிந்தே செய்திருப்பார் என்றுதான் தோன்றுகிறது. சமணப் பெண் துறவி நீலகேசி பௌத்தர்களோடு மோதும் வாதங்களிலும் புலால் ஒரு பொருள்.

இருபதாம் நூற்றாண்டில் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் 1898 முதல் 1911 வரை தமிழ் கற்பித்த மறைமலையடிகள், வேலையை விட்டபின் பல்லாவரத்தில் சமரச சன்மார்க்க நிலையத்தை அமைத்தார். பெயரே வடலூரிலிருந்து வந்தது. மேடை மேடையாகப் புலால் மறுத்தலைப் பேசியவர், எழுதியவர். ஆனால் 1923இல் வந்த ‘வேளாளர் நாகரிகம்’ நூலில் அந்த ஒழுக்கம் ஒரு சாதியின் பெருமையாக மாறிவிடுகிறது. வடலூரில் சாதியை உடைப்பதற்கு ஏந்திய கருவி, பல்லாவரத்தில் சாதியை உயர்த்திப் பிடிக்கும் கம்பமாயிற்று. மறைமலையடிகளின் புலமைக்கு எவ்வளவு மரியாதை கொடுத்தாலும் இதைச் சொல்லாமல் விட முடியாது. அதற்குப் பின் தமிழ்நாட்டில் மரக்கறி உணவைப் பற்றி வாய் திறக்கும் ஒவ்வொருவரும், இவர் என்ன சாதி என்று மனசுக்குள் எழும் கேள்வியைக் கடந்துதான் பேச வேண்டியிருக்கிறது.

பெரியார் இதை நன்றாகப் புரிந்துவைத்திருந்தார். அவர் புலால் உண்டவர், புலால் மறுப்பின் பின்னுள்ள உயர்சாதி மிடுக்கைச் சாடியவர். அப்படியிருந்தும் சாதியையும் சமயச் சடங்கையும் மறுத்த இராமலிங்கரின் பாடல்களைத் திரட்டிச் சுயமரியாதை இயக்கத்தார் நூலாக வெளியிட்டார்கள். வடலூர் சபைக்குப் போன பெரியார், அந்த அறிவிப்பைப் பார்த்துவிட்டு, நான் புலால் உண்பவன் என்று சொல்லி வாசலோடு நின்றுவிட்டார் என்றொரு கதையும் பரவலாகச் சொல்லப்படுகிறது. விதியை ஏற்காதவரும் விதியை மதிக்க முடியும் என்பதற்குத்தான் அந்தக் கதையை எல்லாரும் சொல்கிறார்கள்.

நம் காலத்து வளாகங்களில் அந்த மதிப்பு இரு பக்கமும் தேய்ந்திருக்கிறது. 2017 மே மாதம் மாட்டுச் சந்தைகளைக் கட்டுப்படுத்தும் விதிகளை மத்திய அரசு கொண்டுவந்தபோது சென்னை ஐ.ஐ.டி.யில் மாணவர்கள் மாட்டுக்கறி விருந்து நடத்தினார்கள். அதில் கலந்துகொண்ட ஒரு மாணவர் பிறகு தாக்கப்பட்டார். மறு ஆண்டு டிசம்பரில் அதே வளாகத்து மெஸ் கட்டடத்தில் சைவம் சாப்பிடுகிறவர்களுக்குத் தனி வாசல், அசைவத்துக்குத் தனி வாசல், கை கழுவத் தனித்தனி இடம் என்று அறிவிப்பு ஒட்டப்பட்டது. தீண்டாமையின் புது வடிவம் என்று எதிர்ப்பு கிளம்பியதும் அகற்றினார்கள். கை கழுவும் தொட்டியைப் பிரிக்கிற இடத்தில் ஆடு கோழிகளின் வலியைப் பற்றி எவ்வளவு உருக்கமாகப் பேசினாலும், கேட்கிறவர் அந்தத் தொட்டியைத்தான் நினைப்பார்.

ஜல்லிக்கட்டும் இதோடு சேர்ந்துகொண்டது. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் விலங்குகளுக்கும் கண்ணியத்தோடு வாழும் உரிமை உண்டு, பசியிலிருந்தும் அச்சத்திலிருந்தும் வலியிலிருந்தும் விடுதலை உண்டு என்று எழுதி ஜல்லிக்கட்டைத் தடை செய்தது. 2017 ஜனவரியில் மாணவர்கள் மெரினாவை நிரப்பினார்கள். சட்டம் திருத்தப்பட்டது, 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு திருத்தத்தை ஏற்றது. சட்டக் கல்லூரிகள் அந்த 2014 தீர்ப்பை இன்றும் வரி வரியாகப் படிக்கின்றன. மற்ற கல்லூரிகளிலோ விலங்குரிமை என்ற சொல்லே நம் பண்பாட்டுக்கு எதிரான சதி என்ற சந்தேகத்தைக் கிளப்பிவிடுகிறது.

இத்தனைக்கும் விலங்குகளுக்காகச் சட்டப் புத்தகத்தில் முதல் பெரிய பக்கத்தை எழுத வைத்தவர் சென்னைக்காரர். கலாக்ஷேத்திராவின் ருக்மிணி தேவி அருண்டேல் 1953இல் மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் செய்யும் என்று நேரு உறுதி கொடுத்தார். அதுதான் 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம். 1962இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். நாட்டியம் ஆடும் அம்மாளுக்கு மாட்டுவண்டியைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டவர்களுக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

கல்லூரிகளுக்குள் விலங்குகளுக்குக் கிடைத்த மிகப் பெரிய வெற்றி மேடையில் கிடைத்ததல்ல, ஆய்வுக்கூடத்து மேசையில் கிடைத்தது. விலங்கியல் படித்த எல்லாருக்கும் குளோரோஃபார்ம் வாசனை நினைவிருக்கும். தவளை, எலி, கரப்பான், மண்புழு. மெழுகுத் தட்டில் குண்டூசி குத்தி அறுத்துப் படம் வரைந்து ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்க வேண்டும். 1959இல் கேப்டன் வி. சுந்தரம் சென்னையில் தொடங்கிய புளூ கிராஸ் அமைப்பு இதற்கு எதிராகப் பல காலம் பள்ளி கல்லூரிகளில் பேசியது. அதோடு நிற்காமல் கத்தி இல்லாமல் கணினித் திரையில் தவளையை அறுத்துப் பார்க்கும் ‘கம்ப்யூஃப்ராக்’, எலிக்கு ‘கம்ப்யூரேட்’ என்ற மென்பொருள்களையும் உருவாக்கிக் கொடுத்தது. அறுக்காதே என்று சொன்னவர்களே, அறுக்காமல் எப்படிப் படிப்பது என்பதற்கும் வழி காட்டினார்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2011இல் அறுவையைப் படிப்படியாகக் குறைக்க வழிகாட்டுதல் கொடுத்து, 2014இல் விலங்கியல், உயிரறிவியல் பாடங்களில் நிறுத்தியே விட்டது. இன்று இளநிலை விலங்கியல் படிக்கும் மாணவிக்குத் தான் ஒரு விலங்குரிமைப் போராட்டத்தின் பலனை அனுபவிப்பது தெரியாது. தெரியாமல் இருப்பதும் ஒரு வகையில் வெற்றியே.

சரி, பேச்சைக் கேட்டு யாராவது சாப்பாட்டை மாற்றிக்கொள்கிறார்களா? அளந்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்தில் தத்துவ வகுப்பு மாணவர்களில் ஒரு பகுதியினர் இறைச்சி உண்பதன் அறம் பற்றி ஒரு கட்டுரை படித்து விவாதித்தார்கள். மற்றவர்கள் நன்கொடை அளிப்பதைப் பற்றி. மாணவர்களின் உணவு அட்டைக் கணக்கை ஆராய்ந்ததில், முதல் பகுதியினர் வாங்கியவற்றில் இறைச்சி உணவு 52 சதவீதத்திலிருந்து 45ஆகக் குறைந்தது, மற்றவர்களிடம் மாற்றமில்லை. 2020இல் வெளியான இந்த ஆய்வின் ஆசிரியர்களில் ஒருவர் பீட்டர் சிங்கர், 1975இல் ‘விலங்குகளின் விடுதலை’ என்ற நூலால் இந்த விவாதத்தை உலகப் பல்கலைக்கழகங்களில் கிளப்பிவிட்ட அதே தத்துவப் பேராசிரியர். தெற்குக் கலிபோர்னியாவின் இன்னொரு கல்லூரியில் 50 நிமிடப் பேச்சு ஒன்று, பருவநிலையையும் உடல்நலத்தையும் பற்றியது. கேட்டவர்களின் சாப்பாட்டை மூன்றாண்டு பின்தொடர்ந்தார்கள். இறைச்சி உணவின் பங்கு 5.6 சதவீதப் புள்ளி குறைந்திருந்தது, அந்தக் குறைவு நிலைத்தும் இருந்தது.

எண்கள் சிறியவை. ஒரே பேச்சில் மனம் திருந்திப் பிரியாணிக் கடையை மறந்துவிடுவார்கள் என்று எதிர்பார்ப்பவருக்கு ஏமாற்றம்தான். ஆனால் காசு செலவில்லாத ஒரு மணி நேரம் மூன்றாண்டுக்கு நீடிக்கிறது என்றால் அதைச் சின்ன விஷயம் என்று தள்ளவும் முடியாது. ரிவர்சைடு ஆய்வில் நடந்தது மேடை முழக்கம் அல்ல, சிறு குழுவாக உட்கார்ந்து நடத்திய விவாதம் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். பொன்னாடை வாங்கும் அவசரத்தில் இருப்பவர்களால் அது ஆகாது.

இங்கே பேசுகிறவர் இங்குள்ள உடம்புகளையும் தெரிந்துகொண்டு பேச வேண்டும். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. முன்னால் உட்கார்ந்திருக்கும் மாணவிகளில் பாதிப் பேர் என்று வைத்துக்கொள்ளலாம். அவர்களிடம் ஈரலையும் முட்டையையும் விடு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது பொறுப்பற்ற செயல். வைட்டமின் பி12 தாவர உணவில் கிடைப்பதில்லை; பால்கூட வேண்டாம் என்பவர்கள் மாத்திரையோ செறிவூட்டிய உணவோ எடுத்துக்கொள்ள வேண்டும். கீரையில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர எலுமிச்சையோ நெல்லிக்காயோ கூட வேண்டும், சாப்பிட்டவுடன் டீ குடித்தால் அது வீணாகும். இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். வள்ளலாரே நித்திய கரும விதியில் கரிசலாங்கண்ணி, தூதுவளை என்று பெயர் சொல்லிக் கீரைகளைப் பரிந்துரைத்தவர். அதில் பாலுக்கும் நெய்க்கும் இடம் உண்டு, அதனால் பாலையும் மறுக்கும் இன்றைய வீகன் இளைஞர்கள் அவரை முழுதாகத் தங்கள் கட்சியில் சேர்த்துக்கொள்ள முடியாது.

முட்டைதான் இந்தப் பேச்சின் மிகக் கடினமான இடம். 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவில் பின்னாளில் முட்டை சேர்ந்தது. ஏழைப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் உறுதியான புரதம் அது. முட்டை சாப்பிடாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம் கொடுக்கிறார்கள். யாரையும் கட்டாயப்படுத்தாமல், யாரையும் பட்டினி போடாமல் அரசு சத்தமில்லாமல் கண்ட வழி. வடலூர்ப் பந்தியின் மனசு அதில் இருக்கிறது. அந்த முட்டையின் மறுபக்கம் நாமக்கல் வட்டாரத்துப் பண்ணைகளில். கூண்டுக் கோழிக்குக் கிடைக்கும் இடம் பரீட்சைத் தாள் ஒன்றின் அளவுகூட இல்லை. சிறகை விரிக்க முடியாது. முட்டைக்கோழி இனத்தில் பொரிக்கும் சேவல் குஞ்சுகளுக்கு விலை இல்லாததால் பிறந்த அன்றே கொன்றுவிடுகிறார்கள். கோழிகளை வைத்திருக்கும் முறையை மாற்ற வேண்டும் என்று இந்தியச் சட்ட ஆணையம் 2017 ஜூலையில் தன் 269ஆவது அறிக்கையில் சொன்னது. முட்டையை விடுகிறாயா என்று கேட்பதைவிட, கூண்டை எப்படி மாற்றலாம் என்று கேட்டால் வேளாண் மாணவர், சட்ட மாணவர், பொருளாதார மாணவர் எல்லாரும் பேச வருவார்கள். இறைச்சி தின்பவரும் கூண்டுக்கு எதிராகப் பேசலாம், அதற்கு யாரும் சபை வாசலில் நிற்க வேண்டியதில்லை.

கட்டளையால் இது நடக்காது என்பதைத் தமிழ்நாடு ஒருமுறை பார்த்துவிட்டது. கோயில்களில் ஆடு கோழி பலியிடுவதைத் தடுக்க 1950இல் சென்னை மாகாணம் ஒரு சட்டம் செய்தது. அரை நூற்றாண்டு தூங்கிய அந்தச் சட்டத்தை 2003இல் ஜெயலலிதா அரசு தட்டி எழுப்பியது. ஐயனாருக்கும் கருப்பசாமிக்கும் கிடா வெட்டும் கிராமங்கள் கொதித்தன. எங்கள் சாமிக்கு எது பிடிக்கும் என்று மற்றவர் சொல்லக் கூடாது என்றார்கள். 2004இல் சட்டமே ரத்தானது. வடலூரில் சபை வாசலிலுள்ள அறிவிப்பு இத்தனை ஆண்டு நிலைத்து நிற்பதற்குக் காரணம், அது யார் வீட்டுச் சட்டியையும் எட்டிப் பார்க்காததுதான்.

வள்ளலாரின் பெயரில் அரசு செய்யும் வேலைகளில் ஒன்று இங்கே குறிப்பிடத் தகுந்தது. கைவிடப்பட்ட, அடிபட்ட, தெருவில் திரியும் விலங்குகளைப் பராமரிக்கும் தொண்டு அமைப்புகளுக்கு உதவ 20 கோடி ரூபாயில் ‘வள்ளலார் பல்லுயிர் காப்பகங்கள்’ திட்டம் அறிவிக்கப்பட்டது. அவர் பிறந்த 200ஆம் ஆண்டையொட்டி 2022 அக்டோபர் முதல் ஓராண்டு அன்னதானமும் நடந்தது. ஒரு கையில் சோறு, மறு கையில் அடிபட்ட நாய். ஜீவகாருண்யத்தின் இரண்டு பக்கமும் அரசாணையில் இடம்பெற்றிருக்கிறது. நடைமுறையில் எவ்வளவு என்பதை மாணவர்களே போய்ப் பார்த்து ஒரு திட்டக் கட்டுரை எழுதலாம்.

பண்ருட்டிப் பக்கத்துக் கல்லூரி என்றால் இன்னொரு வசதி. பிஞ்சுப் பலாக்காயைத் தகர டப்பாவில் அடைத்து, கறிக்கு மாற்று என்று வெளிநாட்டுக் கடைகளில் இன்று விற்கிறார்கள். இங்கே அதை மசாலா போட்டு ஆக்கிச் சாப்பிடும் வீடுகளுக்கு அது புதுமை இல்லை. பேச்சாளர் சோயா உருண்டையைப் பற்றிப் பேசுவதற்குப் பதில், மெஸ் மாஸ்டரைக் கூப்பிட்டுப் பலாக்காய்க் குழம்பு வைக்கச் சொன்னால் கூட்டம் நன்றாகக் கேட்கும்.

எனவே நெய்வேலி, கடலூர், சிதம்பரம், விருத்தாசலம் வட்டாரக் கல்லூரி முதல்வர்களுக்கும் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த அக்டோபரில் இந்தப் பேச்சை ஏற்பாடு செய்தால் செமினார் ஹாலில் வைக்காதீர்கள். மாணவர்களைக் காலையிலேயே வடலூர் தருமச்சாலைக்கு அழைத்துப் போய்க் காய் நறுக்கவும் பந்தி பரிமாறவும் விடுங்கள். அனுமதியை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பேச்சாளருக்கு இருபது நிமிடம், கேள்விக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள். மீனவர் வீட்டுப் பிள்ளைக்கும் கோழிப்பண்ணைக்காரர் மகனுக்கும் முதல் கேள்வியைக் கொடுங்கள். பொன்னாடைக்கு ஒதுக்கிய பணத்தை அரிசியாக வாங்கிப் போய்த் தருமச்சாலையில் சேர்த்துவிடுங்கள்.